இணைப்புத் தெரியாத கலப்பு

திருவனந்தபுரத்துக் கோட்டைப் பகுதியை அடுத்து, லட்சுமி வராக மூர்த்தியின் ஆலயத்தையும் அதன் விசாலமான திருக்குளத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்த ஸ்ரீவராகத்தில், தமிழை வீட்டு மொழியாகவும் மலையாளத்தை ஊர் மொழியாகவும் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு, பள்ளிக்கூடமும் உத்தியோகமும் கொண்டுவந்த ஆங்கிலத்தையும் அவற்றோடு சேர்த்துப் பேசிவரும் குடும்பங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பாட்டி தன் பேரனிடம், "டாக்டர் சொன்னது ஓர்மை இருக்கோ? மாத்திரை மதின்னுட்டாராக்கும், வெறுதே டென்ஷன் அடிச்சுண்டு இருக்காதே" என்று சொன்னால், அவன் ஒரு கணமும் தயங்காமல் மாத்திரைப் பட்டையை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடுவான். ஓர்மை, மதி, வெறுதே என்பவை மலையாளம், டாக்டர், டென்ஷன் ஆங்கிலம், மற்றவை தமிழ். ஞாபகம் இருக்கிறதா, இனி மாத்திரை போதும் என்றார், வீணாகக் கவலைப்படாதே என்று மூன்று செய்திகள், மூன்று பாஷைகளின் சொற்களில், சில விநாடிகளுக்குள் ஒரு செவியில் புகுந்து ஒரே அர்த்தமாகிவிடுகின்றன. இத்தகைய பேச்சு சுத்தமா, அசுத்தமா என்னும் விவாதம் நம்மிடையே நெடுநாளாக நடந்துவருகிறது. அதைக் கேட்பவன் எவ்வாறு கிரகித்துக்கொள்கிறான் என்ற கேள்வியோ, அதைவிடச் சுவையானதாக இருந்தும், அவ்வளவு கவனம் பெறவில்லை.

இந்தப் பேச்சுக்குப் பின்னுள்ள சரித்திரத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தமிழும் மலையாளமும் ஒரே அரசின்கீழ், ஒரே சந்தையிலும் ஒரே கோயிற் பிராகாரத்திலும் வழங்கின. பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஓலைக் கணக்குகளான மதிலகம் ரேகைகளில் தமிழும் மலையாளமும், வட்டெழுத்து, கிரந்தம், மலையாண்மை ஆகிய எழுத்துகளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர, தலைநகரான திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்ட தமிழர்கள் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். எல்லைக்கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, அவர்கள் நாவில் விழவில்லை.

இரு பாஷைகளை அறிந்தவனின் மூளையில் மின் விளக்கின் விசையைப் போன்ற ஓர் அமைப்பு இருக்க வேண்டும், ஒன்றை ஏற்றும்போது மற்றது அணைந்துவிட வேண்டும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் அறிஞரிடையே செல்வாக்குடன் இருந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து நரம்பியல் அறுவை நிபுணரான வைல்டர் பென்ஃபீல்டு, லாமர் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1959இல் வெளியிட்ட நூலில் இவ்வகை விசையைப் பற்றிப் பேசினார். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெருவுக்குத் தெரு மோதிக்கொள்ளும் நகரம் அது. ஆகவே அங்கேயே இதைச் சோதித்துப் பார்க்கவும் ஆள் கிடைத்தார்கள். ஜான் மக்னமாரா என்பவரும் குஷ்னிர் என்பவரும் இரு மொழிச் சொற்கள் கலந்த வாக்கியங்களை வாசிக்கச் செய்து, அவை மெய்யா பொய்யா என்று சொல்ல எடுக்கும் நேரத்தை அளந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 0.17 விநாடி செலவாகிறது என்று 1971இல் அறிவித்தனர்.

அவர்களுக்கு முன்பே, 1966இல், பால் கோலர்ஸ் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. எனக்கு அதுவே ஆழமானதாகத் தோன்றுகிறது. அவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் அறிந்தவர்களிடம், முழுக்க ஆங்கிலத்தில் அமைந்த பத்திகள், முழுக்கப் பிரெஞ்சில் அமைந்த பத்திகள், இரண்டும் வாக்கியத்துக்குள்ளேயே கலந்த பத்திகள் ஆகியவற்றைக் கொடுத்து மௌனமாக வாசிக்கச் சொல்லிப் பின்னர் கேள்வி கேட்டார். கலப்புப் பத்தியை வாசித்தவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டதில் யாதொரு குறைவும் காணப்படவில்லை. அதே பத்திகளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோதோ நாக்குத் தடுமாறி நேரம் நீண்டது. அது மட்டுமன்று: தாளில் பிரெஞ்சில் இருந்த சொல்லைச் சிலர் தாம் அறியாமலே ஆங்கிலத்தில் உச்சரித்தார்கள், ஆங்கிலத்தில் இருந்ததைப் பிரெஞ்சில் உச்சரித்தார்கள். கண் எழுத்தைப் பார்த்தது, மனம் பொருளைப் பிடித்தது, சொல் எந்தப் பாஷையில் இருந்தது என்பது இடையிலேயே நழுவிவிட்டது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். பாட்டி என்ன சொன்னாள் என்று பேரனை மறுநாள் கேட்டால், "மாத்திரை போதும்னு சொன்னா" என்று அவன் விடை கூறக்கூடும். மதி என்ற சொல்லைக் கேட்டோம் என்பதே அவன் நினைவில் இராமல் போகலாம்.

மக்னமாராவின் கணக்கும் பின்னால் ஆட்டங்கண்டது. ஆய்வுக்கூடத்தில் கத்தரித்து ஒட்டிய வாக்கியங்களில், இயல்பாக எவரும் பாஷை மாற்றாத இடங்களிலெல்லாம் மாற்றம் வைக்கப்பட்டிருந்தது. 1983இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சீனமும் ஆங்கிலமும் கலந்து பேசுவோர் வழக்கமாக எங்கே மாறுகிறார்களோ அந்த இடங்களிலேயே மாற்றம் அமைந்த பத்திகளை வாசிக்கச் செய்தபோது, கூடுதல் நேரம் ஏதும் தேவைப்படவில்லை. ஆகவே செலவு கலப்பினால் உண்டானதன்று. பழக்கமில்லாத கலப்பினால் உண்டானது.

விசைக் கொள்கைக்கு மேலும் ஓர் இடி 1999இல் விழுந்தது. வியோரிகா மரியன், மைக்கேல் ஸ்பைவி என்ற இருவர், ருஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களை ஒரு மேஜையின் முன் அமர்த்தி, சில பொருள்களைப் பரப்பி, அவர்கள் கண் செல்லும் திசையைக் கருவியால் பதிவு செய்தனர். ருஷ்ய மொழியில் அஞ்சல் தலைக்கு 'மார்க்கா' என்று பெயர். அஞ்சல் தலையை எடுக்கும்படி ருஷ்ய மொழியில் மட்டும் கட்டளை இட்டபோதும், பக்கத்தில் கிடந்த 'மார்க்கர்' பேனாவை நோக்கி அவர்கள் கண்கள் ஒரு கணம் சென்று மீண்டன. ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அங்கே பேசப்படவில்லை. ஆயினும் ஆங்கிலம் விழித்தே இருந்தது. சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரத்துப் பேராசிரியர் பிரான்சுவா குரோஜான் நெடுங்காலமாக வற்புறுத்திய கருத்தும் இதனோடு இயைகிறது. இருமொழியாளன் என்பவன் இரண்டு ஒருமொழியாளர்களை ஒன்றாகக் கட்டிவைத்தவன் அல்லன் என்றும், எதிரில் இருப்பவர் யார், இடம் எது, விஷயம் எது என்பதற்கு ஏற்ப அவனுள்ளே ஒரு பாஷை மேலோங்கியும் மற்றது சற்றுத் தாழ்ந்தும் நிற்குமேயன்றி முற்றிலும் உறங்கிவிடாது என்றும் அவர் கூறினார்.

இரு பாஷைகளும் ஒருங்கே விழித்திருந்தால் குழப்பம் அல்லவா நேர வேண்டும்? நேராததற்குக் காரணம், வாக்கியத்தின் கட்டுக்கோப்பு பெரும்பாலும் ஒரு பாஷையினுடையதாகவே இருப்பதுதான். இதற்குத் தமிழே சாட்சியாக நின்ற ஆராய்ச்சி ஒன்று உண்டு. டேவிட் சான்காஃப், ஷானா பாப்லாக், சுவாதி வன்னியராஜன் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரையில், தமிழர் பேச்சினிடையே வரும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எடுத்து, அவை எந்த இடத்தில் எந்த உருபோடு வருகின்றன என்று பரிசீலித்தார்கள். அன்றைக்கு அந்த நாவில் முதன்முறையாகப் புகுந்த சொல்லுங்கூட, ஐ உருபும் கு உருபும் ஏற்று, தமிழ்ப் பெயர்ச்சொல் எங்கே எவ்வாறு நிற்குமோ அங்கே அவ்வாறே நிற்பதை அவர்கள் கண்டார்கள். டாக்டரை, ஆபீசுக்கு, டென்ஷனால் என்று நாம் சொல்லும்போது சொல்லின் தலை அயலானதாயினும் வால் நம்முடையது. செவி அந்த வாலைப் பற்றிக்கொண்டு செல்கிறது. பாட்டியின் வாக்கியத்திலும் 'மதி' என்ற மலையாளச் சொல்லை 'ன்னுட்டார்' என்ற தமிழ் முடிவு ஏந்திக்கொள்வதால், இது ஒரு தமிழ் வாக்கியம் என்பதில் பேரனுக்குச் சந்தேகமே எழவில்லை.

ஆனால் ஆங்கிலம் தமிழுக்கு வெகு தூரத்து விருந்தாளி; எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். மலையாளத்தின் கதை வேறு. அது தமிழின் உடன்பிறப்பு; வேர்ச் சொற்கள் பொது, உருபுகள் பெரும்பாலும் பொது, வினை இறுதியில் வரும் வாக்கிய முறையும் பொது. மேல்நாட்டுப் பரிசோதனைகள் பெரும்பாலும் ஸ்பானியமும் ஆங்கிலமும், ருஷ்யமும் ஆங்கிலமும் என்று தம்முள் எளிதில் பிரித்தறியக் கூடிய பாஷைகளை வைத்தே நடந்திருக்க, இவ்வளவு நெருங்கிய இரண்டைப் பிசைந்து பேசும் ஸ்ரீவராகத்துச் செவி எந்த அடையாளத்தைப் பற்றிச் செல்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

முதல் அடையாளம் வினைமுற்றின் கடைசி அசை. நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள் என்று தமிழ் இடத்தையும் பாலையும் வினையில் காட்டுகிறது. மலையாளம் அவற்றை எப்போதோ உதிர்த்துவிட்டது. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு என்று மூன்றுக்கும் ஒரே வடிவம். ஆகவே எத்தனை சொற்கள் இங்குமங்கும் கலந்திருந்தாலும், இறுதி அசையைக் கேட்ட மாத்திரத்தில் வாக்கியம் எந்தப் பாஷையின் கட்டில் அமைந்தது என்று நிச்சயமாகிவிடுகிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு: நிச்சயம் கிடைப்பது வாக்கியம் முடியும்போதுதான், அதுவரை வந்த சொற்களின் பொருள் ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

'அவசரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சமஸ்கிருதத்திலிருந்து இரு பாஷைகளுக்கும் வந்த இச்சொல், தமிழில் விரைவையும் நெருக்கடியையும், மலையாளத்தில் வாய்ப்பையும் சந்தர்ப்பத்தையும் குறிக்கும். திருவனந்தபுரத்துத் தமிழ் இளைஞன் ஒருவன், "எனக்கு அந்த அவசரம்..." என்று தொடங்கினால், கேட்பவர் மனத்தில் இரண்டு பொருளும் எழுந்து நிற்கும். "கிடைக்கலை" என்று அவன் முடித்தால் வாய்ப்பு என்றும், "புரியலை" என்று முடித்தால் அநேகமாக நெருக்கடி என்றும் அடுத்து வந்த வினை தீர்ப்புச் சொல்லும். சம்சாரம் என்பது நமக்கு மனைவி, அங்கே பேச்சு. உபந்நியாசம் என்பது நமக்குக் கோயிலில் நடக்கும் சமயச் சொற்பொழிவு, அங்கே கட்டுரை. வெள்ளம் என்பது நமக்கு ஆற்றுப் பெருக்கு, அங்கே குடிக்கும் தண்ணீரும் அதுவே. இவற்றைச் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர் கேட்டு மயங்குவது இயற்கை. உள்ளூர்வாசி மயங்காததன் காரணம் அவருக்கு ஒரு பொருள் மட்டும் தோன்றுவதன்று. இரண்டும் தோன்றி, பக்கத்துச் சொல்லின் துணையால் ஒன்று உடனே விலகிக்கொள்வதே என்று, மேலே சொன்ன கண் பரிசோதனையைக் கொண்டு நாம் ஊகிக்கலாம்.

இவற்றிலும் நுட்பமானது பாட்டியின் வாக்கியத்தில் வந்த 'ஆக்கும்'. இதில் அயற்சொல் எதுவும் இல்லை, எழுத்தெழுத்தாகத் தமிழ். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் "வந்திருப்பாராக்கும்" என்றால், வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன் என்று பொருள். சில சமயம் அதில் ஏளனமும் தொனிக்கும். பாலக்காடு முதல் நாகர்கோவில் வரையுள்ள தமிழிலோ அது ஐயத்தை நீக்கி உறுதி கூறும் சொல். "அவர் டாக்டராக்கும்" என்றால் அவர் டாக்டரேதான். மலையாள வாக்கியத்தின் முடிவில் 'ஆணு' செய்யும் வேலையை இங்கே தமிழ் உருவம் ஒன்று செய்கிறது. "மாத்திரை மதின்னுட்டாராக்கும்" என்பதைப் பேரன் டாக்டரின் திட்டமான உத்தரவாகக் கொள்ள, மயிலாப்பூரிலிருந்து வந்த விருந்தினர் 'மதி'யின் பொருளை ஒருவாறு ஊகித்துவிட்டாலும், பாட்டி எதையோ அனுமானித்துச் சொல்கிறாள் என்றே எண்ணுவார். தெரியாத சொல்லானால் என்னவென்று கேட்டிருப்பார். தெரிந்த சொல்லாகையால் கேட்கமாட்டார். கண்ணுக்குத் தெரியும் கலப்பில் விளங்காமை நேரலாம். கண்ணுக்குத் தெரியாத கலப்பில் தவறாக விளங்கிக்கொள்வது நேர்கிறது. பின்னதே அதிக அபாயமுடையது என்பது என் அபிப்பிராயம்.

கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய, ஆசிரியர் பெயர் தெரியாத 'லீலாதிலகம்' என்னும் இலக்கண நூலை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சமஸ்கிருதச் சூத்திரங்களும் உரையுமாக எட்டுச் சில்பங்களில் அமைந்த அந்நூல், கேரள பாஷையும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள நடைக்கு இலக்கணம் வகுப்பது. மணி என்பதற்கு முத்து என்று கொள்ளாமல் மாணிக்கம் என்று அது பொருள் கூறுகிறது. பவளத்தோடு முத்தைக் கோத்தால் வெண்மையும் செம்மையும் வேறுவேறாகத் தோன்றும். மாணிக்கத்தைக் கோத்தால் இரண்டும் சிவப்பாகையால் பேதம் தெரியாமல் ஒன்றாகவே காணும். மொழிக் கலப்பும் அப்படி இருக்க வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் கொள்கை. கவிதைக்கு இதைவிட உயர்ந்த லட்சியம் இல்லை. அன்றாடச் சம்பாஷணையைக் கேட்கும் செவிக்கோ, இணைப்புத் தெரிவது ஓர் உபகாரம் என்று இக்காலத்து ஆராய்ச்சி காட்டுகிறது. மெலிண்டா ஃபிரிக், ஜூடித் குரோல், பவோலா டுசியாஸ் என்ற மூன்று அறிஞர்கள், ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து பேசுவோரின் பதிவுகளை நுணுகி ஆராய்ந்து, பாஷை மாறும் இடத்துக்குச் சற்று முன்பே பேச்சின் வேகம் சிறிது தளர்வதையும், ஆங்கில மெய்யொலிகள் ஸ்பானிய உச்சரிப்பின் பக்கம் இலேசாகச் சாய்வதையும், பழகிய செவி இந்த முன்னறிவிப்பைப் பயன்படுத்திக்கொள்வதையும் 2016இல் எடுத்துக்காட்டினார்கள். பேசுபவர் தாம் அறியாமல் அறிவிக்கிறார். கேட்பவர் தாம் அறியாமல் ஏற்கிறார். மாணிக்கமும் பவளமும் போல ஒரே நிறமுடைய தமிழிலும் மலையாளத்திலும் இம்முன்னறிவிப்பு எவ்வளவு மங்கலாகிறது, அல்லது வேறு எந்த வடிவில் வருகிறது என்பது திறந்த வினா.

பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தால், குரலும் தயக்கமும் உச்சரிப்பும் ஆகிய உதவிகள் யாவும் நீங்கி, எழுத்துருவம் ஒன்றே எஞ்சுகிறது. திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி முதல் முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு வரை எழுந்த வைஷ்ணவ வியாக்கியானங்களின் பழம் பதிப்புகளில், சமஸ்கிருதச் சொற்கள் கிரந்த எழுத்திலும் தமிழ்ச் சொற்கள் தமிழ் எழுத்திலும் ஒரே வரிக்குள் மாறிமாறி வரும். வாசிப்பவனுக்கு எழுத்தே இணைப்பைக் காட்டிவிடும். அனைத்தையும் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட பிற்காலப் பதிப்புகளில் அந்த வசதி போயிற்று. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலேயே கடை வைத்திருந்து அத்தெருவின் மனிதர்களை எழுதிய ஆ. மாதவனும், 'பள்ளிகொண்டபுரம்' நாவலில் இந்நகரத்தையே களமாக்கிய நீல பத்மநாபனும், மலையாளம் விரவிய சம்பாஷணைகளைத் தமிழ் எழுத்தில் வார்த்திருக்கிறார்கள். அவ்வகை எழுத்தை வாசிப்பவன் செய்ய வேண்டிய வேலை சிறிதன்று. ஃபலம் என்பது மலையாளத்தில் பயன். பலம் என்பது வலிமை. அங்கே இரண்டுக்கும் முதலெழுத்து வேறு. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'பலம்' என்றே எழுதுவது வழக்கமாகையால், "ஒரு பலமும் இல்ல" என்று ஒரு பாத்திரம் சொன்னால், பயனில்லை என்கிறானா, தெம்பில்லை என்கிறானா என்பதை, மலையாளத்தைக் காதால் கேட்டுப் பழகியவன் கதைப் போக்கைக் கொண்டு தீர்மானித்து, அதன் பிறகு ஒலியைத் தன் மனத்துக்குள் திருத்தி வாசிக்கிறான். மலையாளம் அறியாத தமிழனுக்கு முதல் பொருள் தோன்றவே வழியில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் இதே வீதிகளில் உண்டு. மலையாளப் பள்ளியில் படித்து, தமிழைப் பேசமட்டும் கற்று, தமிழ் எழுத்தை அறியாத தலைமுறையினருக்காக, கந்த சஷ்டி கவசம் முதலிய தோத்திரங்கள் மலையாள எழுத்தில் அச்சாகிப் புஸ்தகக் கடைகளில் கிடைக்கின்றன. கண் காண்பது மலையாளம், வாய் சொல்வது தமிழ், மனம் பற்றுவதும் தமிழ். எழுத்தைக் கொண்டு பாஷையை நிர்ணயிக்க முற்படுகிற எவரும் இவர்கள் கையிலுள்ள சிறு புஸ்தகத்தை ஒரு தரம் பார்ப்பது நல்லது.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை பாஷைகளைக் கலந்து பேசினால் குழந்தை குழம்பிப்போகும், ஒரே பாஷையில் பேசுங்கள் என்று பெற்றோருக்கு உபதேசிப்பவர்கள் இப்பொழுதும் இருக்கிறார்கள். கிறிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைன் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சி இருபது மாதக் குழந்தைகளைப் பற்றியது. மான்ட்ரியல் நகரத்து இருமொழி வீடுகளில் வளர்பவை அவை. வாக்கியத்தின் நடுவில் பாஷை மாறியபோது குழந்தைகளின் கண்மணி சற்று விரிந்தது. மனம் சிறிது முயற்சி எடுக்கிறது என்பதற்கு அது அறிகுறி. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் வேறு பாஷையில் தொடங்கியபோதோ, பழக்கம் குறைந்த பாஷையிலிருந்து பழகிய பாஷைக்குத் திரும்பியபோதோ அத்தகைய சிரமம் காணப்படவில்லை. பெரியவர்களிடமும் இதே பாங்கு தெரிந்ததால், இது குழந்தையின் குழப்பம் என்று சொல்வதற்கில்லை. கேட்கும் மனத்தின் இயல்பான உழைப்பு. தமிழில் பேசாதே என்று ஒரு பாட்டியையோ, மலையாளச் சொல்லைச் சேர்க்காதே என்று ஒரு தாயையோ அதட்டுவதற்கு இந்த ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை. பேசத் தயங்கி வாய்மூடும் வீட்டில் குழந்தை இழப்பது இரண்டு பாஷைகளையும்.

வ. ஐ. சுப்பிரமணியம் போன்ற பேரறிஞர்களின் முயற்சியால் 1971இல் திராவிட மொழியியற் கழகம் தோன்றிய நகரம் திருவனந்தபுரம். யார் என்ன பேசுகிறார்கள் என்பதைக் கிளைமொழி ஆராய்ச்சி அங்கே நிறையப் பதிவு செய்திருக்கிறது. கேட்பவர் பக்கத்தை ஆராய இனி வேண்டுவன அரிய கருவிகளும் அல்ல. ஸ்ரீவராகத்துக் குடும்பங்கள் சிலவற்றின் இயல்பான பேச்சை அவர்கள் இசைவோடு பதிவு செய்து, 'அவசரம்' போன்ற சொல் வரும் வாக்கியத்தை வினைக்கு முன்பே நிறுத்தி, உள்ளூரார், நாகர்கோவிலார், சென்னையார் என்ற மூன்று வகையினரும் எந்தப் பொருளை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். 'ஆக்கும்' என்று முடியும் வாக்கியங்களில் சொல்பவரின் உறுதியை அவர்கள் எவ்வளவாக மதிப்பிடுகிறார்கள் என்று அளக்கலாம். அதே உரையாடலைத் தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் அச்சிட்டு வாசிக்கக் கொடுத்து வேற்றுமையைக் காணலாம். இதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: மருத்துவரிடமும் அரசு அலுவலகத்திலும் 'ஆக்கும்' என்று உறுதி சொல்லியும் அது ஊகமாக எடுத்துக்கொள்ளப்படும் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்; அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேச்சிலோ ஓர்மையும் வெறுதேயும் நின்ற இடங்களில் ஆங்கிலச் சொற்கள் வந்து அமர்ந்துகொண்டிருக்கின்றன.